நார் ஓடும் பக்கம்

பிப்ரவரி 3

குண்டூசிக்கு, அண்ணன் சொல்ல, குமாஸ்தா எழுதுவது.

இங்கே ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கமாட்டாய். மச்சான் இன்னும் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாரா?

ரேடியோவில் கேட்டிருப்பாய். போன வியாழக்கிழமையிலிருந்து இந்த நாட்டை ராணுவம் நடத்துகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் எதிரே பேக்கரி வாசலில் ஒரு கவச வண்டி. மேலே உட்கார்ந்து ஒரு சிப்பாய் பன் தின்றுகொண்டிருந்தான். "எந்த ராஜா வந்தாலும் உத்தரவு போடக் காகிதம் வேணுமில்ல? நமக்கென்ன" என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இதை எழுதும்போதும் சிரிக்கவில்லை.

நான் காகித ரீல் போடும் சாயங்காலப் பத்திரிகையின் ஆசிரியரம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? தணிக்கைக்காரர்கள் அடித்த செய்திகளின் இடத்தை அப்படியே வெள்ளையாக விட்டு அச்சடித்துவிட்டார். முதல் பக்கத்தில் இரண்டு பத்தி, ஒன்றுமே இல்லை. ஜனம் வரிசையில் நின்று வாங்கியது. ஒருவர் அந்த வெள்ளையை விரலால் தடவித் தடவிப் படித்ததை நானே பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் காகிதம் விற்கிறேன். வெறும் காகிதம் இப்படி விற்றுப் பார்த்ததில்லை. மறுநாளே உத்தரவு வந்தது, வெற்றிடம் விடக் கூடாது என்று.

இன்னொன்று. என் ஷட்டரில் யாரோ சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். துடைத்தேன். மறுநாளும் இருந்தது. இந்தத் தெருவில் வெளிநாட்டுக்காரர் கடை ஐந்து. ஐந்திலும் வட்டம்.

ரீலிலிருந்து கிழித்த துண்டில் எழுதுகிறேன் என்று திட்டியிருந்தாய். காகிதக்காரன் லெட்டர் பேடு வாங்கினால் தெரு சிரிக்கும். கிழிப்பது நான், எழுதுவது குமாஸ்தா. எனக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்

பிப்ரவரி 24

அண்ணனுக்குக் குண்டூசி எழுதுவது.

பல்லைப் பிடுங்கித் தொலை. என் முழங்கால் மழை வருவதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுகிறது, அந்த மட்டில் லாபம். உன் மச்சான் இப்போது தூங்குவதற்குச் செய்தித்தாள்கூடக் கேட்பதில்லை.

பட்டறையில் பள்ளி நோட்டு சீசன். பதினோரு பெண்கள் தைக்கிறார்கள், நான் குறை கண்டுபிடிக்கிறேன். போன வாரம் ஒரு கட்டு அட்டையைத் திருப்பி அனுப்பினேன். மூலை மழுங்கல், பசை ஈரம், நிறம் மங்கல் என்று மூன்று குறையும் எழுதி. நான்காம் நாள் அட்டைக்காரன் மூன்றையும் சரிசெய்து அனுப்பிவிட்டான். குறையை எழுதிக் கொடுத்தால்தான் சரக்கு திருந்தும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ.

உன்னிடமும் ஒரு குறை சொல்கிறேன். வட்டம் போடுகிறவன் வட்டம் போடுவதோடு நிற்கமாட்டான். கிடங்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஐந்து நாள் கப்பலில் ஏறி வந்து சேர். மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது.

குமாஸ்தாவுக்கு என் வணக்கம். அவரையாவது சிரிக்கச் சொல்.
குண்டூசி

மார்ச் 15

குண்டூசிக்கு அண்ணன்.

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. இதைக் குமாஸ்தா எழுதவில்லை. ஆசிரியரம்மா எழுதுகிறார். தபாலிலும் போடவில்லை. கப்பல் சமையல்காரர் கொண்டுவந்து உன் கையில் தருவார். படித்ததும் அடுப்பில் போடு. பல்லைப் பிடுங்கியாயிற்று. அந்தச் சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காகித வியாபாரிகள் எல்லோரையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கர்னல், பார்க்க வாத்தியார் மாதிரி இருந்தார். சாயங்காலப் பத்திரிகைக்குத் தடை எதுவும் இல்லையாம். அதற்கு யாரும் காகிதம் விற்கக் கூடாது, அவ்வளவுதானாம். வெளியே வரும்போது என்னை மட்டும் நிறுத்தினார். "நீங்க விருந்தாளி. விருந்தாளி சாப்பிட்டமா, கை கழுவினமா, போனமான்னு இருக்கணும். சமையக்கட்டுல எட்டிப் பார்க்கக் கூடாது" என்றார். இருபத்திரண்டு வருஷம் சாப்பிட்ட விருந்து.

இருபது வருஷமாக எனக்குச் சவரம் செய்கிறவர், பாதியில் கத்தியை வைத்துவிட்டார். "வெளியாளுக்குத் தனிக் கத்தி வைக்கணும்னு ரேடியோவுல சொன்னாங்க. இன்னும் வாங்கலை. தப்பா எடுத்துக்காதீங்க." பாதித் தாடியோடு கடைத்தெரு முழுக்க நடந்து வந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆசிரியரம்மா, ராணுவம் பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயர்களைத் தினமும் ஒரு பட்டியலாகப் போடுகிறார். பெயர் அச்சில் வந்துவிட்டால் 'அப்படி ஒருவரே இல்லை' என்று சொல்வது கஷ்டமாம். நான் நாற்பது ரீல் கொடுத்துவிட்டேன். என் வாடிக்கையை நான்தான் தேர்ந்தெடுப்பேன், கர்னல் இல்லை. ரீல் தீர்ந்தது. அடுத்த கப்பலில் அவர் உன்னிடம் வருகிறார், பட்டியலோடு. அத்தை மகள் என்று சொல்லி மாடியில் வை. அங்கேயும் இவர்களுக்குக் கண் உண்டு. வந்து சேர்ந்ததும் 'முழங்கால் வலி போயே போய்விட்டது' என்று தபாலில் எழுது, புரிந்துகொள்வேன். குமாஸ்தாவுக்கு இது தெரியாது. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரியாமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது.

கடைசியாக. என் கடிதம் என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தைப் பார். ரீலிலிருந்து எல்லோரும் அகலவாக்கில் இழுத்துக் கிழிப்பார்கள். அது காகிதத்தின் நாருக்குக் குறுக்கே போகும், நாய் கடித்த மாதிரி வரும். நான் துண்டைத் திருப்பிப் போட்டு, மூலையில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறி, நார் ஓடும் பக்கமாகக் கிழிப்பேன். கோடு போட்ட மாதிரி வரும். நீதானே சொல்லிக் கொடுத்தாய்? கைநாட்டுக்காரனுக்கு அதுதான் கையெழுத்து.

இன்று காலை வட்டத்தைத் துடைக்கப் போனேன். வெளியே இல்லை. ஷட்டரை இறக்கிப் பார்த்தால் உள்பக்கம் இருந்தது. பூட்டு பூட்டியபடிதான் இருந்தது.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணனுக்குக் குண்டூசி.

சந்தோஷமான சமாச்சாரம். என் முழங்கால் வலி போயே போய்விட்டது. படி ஏறி இறங்குகிறேன், உன் மச்சானே அசந்துபோனார். நீயும் சீக்கிரம் வந்து பார். தாடி முழுதாக வளர்ந்ததா? உடனே பதில் போடு.

குண்டூசி

மே 11

அன்புள்ள சகோதரிக்கு,

நான் இங்கே பூரண நலம். தாங்களும் தங்கள் கணவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமானதற்கு வேலைதான் காரணம். தங்கள் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

ஊர் மிகவும் அமைதியாக இருக்கிறது. தெருக்கள் சுத்தமாக இருக்கின்றன. வெளிநாட்டவர் எவருக்கும் ஒரு குறையும் இல்லை. கதவில் வட்டம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வட்டம் தேவையில்லை.

சாயங்காலப் பத்திரிகையின் ஆசிரியை ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கேள்வி. அவரிடம் எனக்கு ஒரு அவசரமான பேச்சு இருக்கிறது. அவர் தங்கள் பக்கம் வந்தால் எனக்கு உடனே தெரிவிக்கவும்.

தங்கள் சகோதரன்

மே 30

அண்ணனுக்குக் குண்டூசி.

ஆறு வாரத்துக்கு மேல் வாசலையே பார்த்திருந்தேன். வந்தது கடிதமா, கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸா? முதல் குறை: சகோதரியாம், தாங்களாம். பிறந்ததிலிருந்து குண்டூசி என்று கூப்பிட்டவனுக்கு என்ன வந்தது? இரண்டாவது: வலி போய்விட்டது என்று எழுதினால் ஒத்தடம் கொடு என்கிறாய். படித்தாயா இல்லையா? மூன்றாவது: காகிதத்தைக் கத்தியால் வெட்டியிருக்கிறாய். என்றைக்கு நீ கத்தியை எடுத்தாய்? நான்காவது: ஒரு சிரிப்புக்கூட இல்லை. உன் மச்சானைக் கிண்டல் செய்யாமல் நீ கடிதம் முடித்ததே கிடையாது.

பத்திரிகைக்காரம்மா யாரும் இங்கே வரவில்லை. வந்தால் நோட்டு தைக்க உட்கார வைத்துவிடுவேன்.

ஒழுங்கான கடிதமாக அனுப்பு.
குண்டூசி

ஜூன் 19

குண்டூசிக்கு, அண்ணன் சொல்ல, குமாஸ்தா எழுதுவது.

இங்கே ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உன் முழங்கால் வலி போயே போய்விட்டது என்பதில் மகிழ்ச்சி. மச்சான் இன்னும் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாரா? ஹா ஹா. இந்தத் தாளைக் கையாலேயே கிழித்திருக்கிறேன், பார்த்துக்கொள். காகிதக்காரன் லெட்டர் பேடு வாங்கினால் தெரு சிரிக்கும்.

மச்சான் இன்னும் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாரா?

உன் மாடி அறை ஜன்னலுக்குப் புதிதாக நீலத் திரை போட்டிருக்கிறாயாமே. காலியாகக் கிடக்கும் அறைக்கு எதற்குத் திரை? அங்கே யார் இருக்கிறார்கள்? அண்ணனிடம் மறைக்கலாமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்

ஜூலை 2

அத்தை மகளுக்கு,

லாரிக்காரர் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருப்பார் என்று நம்புகிறேன். அன்றைக்குக் காரணம் சொல்லாமல் பெட்டியைக் கட்டச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். கையில் இருந்த கடிதத்தை உங்களிடம் காட்டத் தைரியம் வரவில்லை. திரை போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஜன்னல் பின்சந்தைப் பார்த்தது. அந்தச் சந்தில் குப்பைத் தொட்டியைத் தவிர ஒன்றும் கிடையாது. இப்போது தினமும் போய் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

காகித ஓரத்தைப் பற்றி அண்ணன் சொல்ல, உங்கள் கையாலேயே எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மே மாதக் கடிதம் கத்தி வெட்டு. ஜூன் மாதக் கடிதம் கையால் கிழித்தது, ஆனால் குறுக்கே. நாய் கடித்த மாதிரி. நகக் கீறல் கிடையாது. எழுத்து இரண்டிலும் குமாஸ்தாவுடையதுதான், வரி மட்டும் கொஞ்சம் நடுங்குகிறது.

எனக்கு உறைக்கவே இத்தனை நாள் ஆயிற்று. நான்கு வருஷமாகக் 'குண்டூசிக்கு' என்று எழுதிய மனிதருக்கு அது மறந்துபோகுமா? வேண்டுமென்றே விட்டிருக்கிறார் அந்தப் புண்ணியவான். 'தாங்கள்' என்று எழுதியதும், கத்தியால் வெட்டியதும், பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியாமல் எனக்குத் தந்த சைகை. நானோ வியாபாரப் புத்தியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறையை எழுதித் திருப்பி அனுப்பினேன். சரக்கு திருந்தி வந்துவிட்டது. என் அண்ணனாக இருப்பது எப்படி என்று அவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

பட்டியலில் அவன் பெயரைப் போடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். போட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கடிதம் நின்றுபோகும். பொய்க் கடிதம்தான், இருந்தாலும் அது வரும் வரைக்கும் அவன் அவர்களுக்குத் தேவைப்படுகிறான் என்று ஒரு கணக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்கிறேன்.

குண்டூசி

ஜூலை 10

அண்ணனுக்குக் குண்டூசி.

இந்தத் தடவை குறை சொல்ல ஒன்றுமில்லை. திரை வெயிலுக்காகப் போட்டது. நோட்டு அட்டை வெளுத்துப்போகிறது.

ஒரு கவலையான விஷயம். நம் பெரியண்ணனுக்கு உடம்பு முடியவில்லை. சின்ன வயதில் நீ கிணற்றில் விழுந்தபோது குதித்துத் தூக்கினானே, அந்தக் கை இப்போது தம்ளரைக்கூடப் பிடிப்பதில்லை. உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஆறுதலாக நாலு வரி எழுது.

குண்டூசி

ஜூலை 29

குண்டூசிக்கு, அண்ணன் சொல்ல, குமாஸ்தா எழுதுவது.

பெரியண்ணனை நினைத்து நெஞ்சு பதறுகிறது. கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருந்தது! மேலே வட்டமாக வானம் தெரிந்தது. மூச்சு முட்டியது. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது பெரியண்ணன் கை என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியது. தூக்கிவிட்டு மறுபடி அமுக்கியது. மறுபடி தூக்கியது. அந்தக் கை இன்னும் என் தலைமேல் இருக்கிறது. அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

நீ ஒரு நடை வந்து என்னைப் பார். அனுமதிச் சீட்டு தயாராக இருக்கிறது, இரண்டு பேருக்கு. மாடியில் இருந்தவரையும் கூட்டிக்கொண்டு வா.

அண்ணன்

ஆகஸ்ட் 18

இந்தக் கடிதம் அண்ணனுக்கு அல்ல. இதைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கு.

உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கட்டும். எனக்குப் பெரியண்ணன் கிடையாது. நாங்கள் இரண்டே பேர். எங்கள் வீட்டில் கிணறும் கிடையாது. அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது, தலையைப் பிடித்த கை யாருடையது என்று யோசித்துக்கொண்டே பத்து நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை எனக்கு.

நான் வியாபாரி. சுற்றிவளைக்கத் தெரியாது. நீங்கள் அனுப்பும் சரக்கு எனக்கு வேண்டாம். குறை என்னவென்று இந்தத் தடவை எழுதமாட்டேன். நீங்கள் தேடும் அம்மா என் வீட்டில் இல்லை. எங்கே என்று எனக்கும் தெரியாது. ஆனால் அவர் பட்டியல் தயாராகிறது. அதில் இரண்டு பிரிவு. உள்ளே உயிரோடு இருப்பவர்கள் ஒன்று. உள்ளே கொன்றுவிட்டீர்கள் என்று நாங்கள் சொல்லப்போகிறவர்கள் இன்னொன்று. ஒன்பது நாட்டுப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போடக் காத்திருக்கின்றன. என் அண்ணன் எந்தப் பிரிவு என்பது உங்கள் கையில் இருக்கிறது. உயிரோடு இருக்கிறான் என்று அச்சில் வந்தபிறகு அவன் செத்தால், அது எல்லோருக்கும் தெரிந்து செத்ததாகும்.

அவனுக்கு எழுதத் தெரியாது. அதனால் எழுத வேண்டாம். குமாஸ்தாவும் எழுத வேண்டாம். அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுங்கள். அதை அப்படியே அனுப்புங்கள். அவனா இல்லையா என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

குமாஸ்தா ஐயா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். ஏப்ரலிலிருந்து நீங்கள் பட்ட பாடு எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குண்டூசி

அக்டோபர் 2

அத்தை மகளுக்கு,

உடம்புக்கு எப்படி? இங்கே என் வீட்டுக்காரர் ஆறு வாரமாகத் தூங்குவதில்லை. செய்தித்தாளை நேராகப் பிடித்துப் படிக்கிறார். பயமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணன் எந்தப் பிரிவு என்று நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும், பட்டியல் இனித் தாங்காது என்று எழுதியிருந்தீர்கள். நேற்று மத்தியானம் தபால் வந்தது. தடித்த உறை. மேலே முகவரி குமாஸ்தா கை. நடுக்கம் இல்லை.

உள்ளே முப்பத்தொரு துண்டு. ஒன்றிலும் ஒரு எழுத்து கிடையாது. நான் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறேன் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அதனால் எல்லா விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். வெட்டியது, கிழித்தது, மடித்தது, கசக்கியது, எச்சில் தொட்டுப் பிரித்தது. பட்டறை மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள். "என்னக்கா இது, ஒண்ணுமே எழுதலையே?" என்று ஒருத்தி கேட்டாள். ஒவ்வொன்றாக ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனேன்.

முப்பது வரைக்கும் நாய் கடித்தது, இல்லையென்றால் கத்தி.

கடைசித் துண்டு நார் ஓடும் பக்கம், கோடு போட்ட மாதிரி. மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பிசிறு இல்லை. மூலையைப் பார்த்தேன். கீறல் இருக்க வேண்டிய இடம். கீறல் இல்லை. அங்கே கட்டைவிரல் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது, காய்ந்த பழுப்பு நிறத்தில். சதையின் ரேகை மட்டும்தான். நகம் பட்ட அடையாளம் எங்கேயும் இல்லை.

எத்தனை தரம் முயன்று கீறப் பார்த்தானோ. நகமில்லாத விரலால் காகிதத்தைக் கீற முடியாது, அழுத்தத்தான் முடியும்.

அவன்தான். கை இருக்கிறது, புத்தி இருக்கிறது, நான் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. முதல் பிரிவில் போடுங்கள். பேப்பர் வியாபாரி, வெளியாள், இருபத்திரண்டு வருஷ விருந்தாளி, அக்டோபரில் உயிரோடு இருக்கிறார் என்று போடுங்கள். எப்படித் தெரியும் என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அந்த வரிக்குக் கீழே இரண்டு பத்தி வெள்ளையாக விடுங்கள். ஜனம் தடவிப் பார்த்துப் படித்துக்கொள்ளும்.

குண்டூசி